கதவு எண் கேட்டவர்

எங்கள் எம்எல்ஏ யாரைப் பார்த்தாலும் முதலில் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். "கதவு நம்பர் இன்னா?" என்பார்.

கல்யாண மேடையில் மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரியாணி டபரா தேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்டிருக்கிறார். ஒரு சாவு வீட்டில் கேட்டபோது, செத்தவர் பெயரை ஓட்டர் லிஸ்டிலிருந்து அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து மச்சான்காரன் சட்டையைப் பிடித்துவிட்டான். "பொணத்த எடுக்கறதுக்கு முன்னாலயேவா?" என்று அவன் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது அவர் எம்எல்ஏ இல்லைதான். ஆனால் நானும் தைரியசாலி இல்லை.

எனக்கு ஆம்பூரில் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை. லேமினேஷன், ஆன்லைன் பட்டா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் உண்டு. போர்டில் 'வரி ஆலோசகர்' என்றும் போட்டிருக்கிறேன். ஆலோசனைக்கு என்று உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் ஆதார் அட்டையை லேமினேட் செய்துகொண்டு போனார்கள். மீதிப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட நிறுவனத்துக்குள் ஒருநாள் எம்எல்ஏ நுழைந்து, ஏதோ வரி விகித அறிவிப்பை நீட்டி, ரெண்டு காப்பி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

"இது உனக்குப் புரியுதா?"

"புரியுது சார்."

"எனக்குப் புரியல. ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதிக் குடு."

புரிகிறது என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யின் வழியாகத்தான் நான் தமிழ்நாட்டின் நிதிக் கொள்கைக்குள் காலடி வைத்தேன். அதற்கப்புறம் அவர் சட்டசபையில் வரி, மானியம், ரேஷன், டீசல் என்று எதைப் பற்றிப் பேசினாலும் குறிப்பு என் கடையிலிருந்துதான் போனது. நான் பெரிய வார்த்தைகளாகப் போட்டு எழுதுவேன். 'விளிம்புநிலைத் தொழில்முனைவோர்' என்று ஒருமுறை எழுதிவிட்டு, அன்றைக்கு முழுவதும் எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொண்டு திரிந்தேன். அவர் வந்து சிவப்பு மையால் அதை அடித்தார். பக்கத்தில் ஒரு கதவு எண்ணை எழுதினார்.

"யார் சார் இது?"

"பட்டன் ஓட்டை போடறவன். இவன் வீட்டுக்கு நான் போயிருக்கேன். நீ எழுதினியே ஒருத்தன், அவன் வீட்டுக்குப் போயிருக்கியா?"

சபையிலும் அப்படித்தான் பேசுவார். மற்ற உறுப்பினர்கள் கோடி, சதவீதம், ஒப்பீடு என்று வாய் வலிக்கப் பேசி உட்காருவார்கள். இவர் எழுந்து, "பேரவைத் தலைவர் அவர்களே, கதவு எண் ஒன்பது" என்று ஆரம்பிப்பார். அந்த ஒன்பதாம் எண்ணில் யார் இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், இந்த வரி வந்தால் அங்கே எது குறையும் என்பதைச் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மேற்கோள் கிடையாது, ஆவேசம் கிடையாது. கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் மீதான வரி பற்றிய விவாதத்தில், "அது ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்ய வேண்டிய விஷயம்" என்றார் அமைச்சர். "கவுன்சிலுக்குக் கதவு இருந்தால் நம்பர் கொடுங்கள், நானே போகிறேன்" என்றார் இவர். சபை சிரித்தது. என் கடையில் அந்த வீடியோவைப் பதினாறு தடவை போட்டுக் காட்டினேன். குறிப்பு நான் எழுதியது என்றும் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னுடையது இல்லை என்பதைச் சொல்லவில்லை.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கிணற்று மோட்டார் பிரச்சினை. "கதவு நம்பர்?" என்றார் எம்எல்ஏ. "நெலத்துக்கு ஏதுங்க கதவு?" என்றார் அவர். எம்எல்ஏ கொஞ்சம் குழம்பிப்போனார். பிறகு, "சரி, சர்வே நம்பர் சொல்லு" என்று பேனாவைத் திறந்தார். அன்று நான் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் மிஷினே நின்றுபோனது.

"சராசரி மனிதன்னு எழுதாத," என்பார் என்னிடம். "சராசரி வீட்ல நான் டீ குடிச்சதே இல்ல."

நல்லவர்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. என் நாற்பது வயது அனுபவத்தில், அரசியலில் இருக்கிற ஒருவரிடம் குறை எதுவும் கண்ணில் படவில்லை என்றால் அவர் அதைப் பத்திரமாக எங்கோ வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். இவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. தண்ணீர்கூட வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். இத்தனை கதவு எண்களை ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்து என்ன செய்கிறார்? பெரிய தோல் கம்பெனிக்காரர்களுக்குப் போட்டுக்கொடுக்கிறார் என்றான் பக்கத்து டீக்கடைக்காரன். எலெக்‌ஷனுக்கு லிஸ்ட் எடுக்கிறார் என்றான் இன்னொருவன். ரெண்டும் இல்லை, மூன்றாவதாக ஏதோ இருக்கிறது என்று நான் நினைத்தேன். என்னவென்று மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் வேலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் ஒரு வேலையாக வேலூர் போயிருந்தேன். சத்துவாச்சாரியில் அவர் கார் ஆபீசுக்குத் திரும்பாமல் ஹைவேயில் நேராகப் போனதைப் பார்த்தேன். மாட்டினார் என்று நினைத்து ஸ்கூட்டரை முறுக்கினேன். கார் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் போய் நின்றது. நான் ஒரு வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் பதுங்கினேன். முள் குத்திய இடத்தை எழுத முடியாது. எம்எல்ஏ கரைமேல் ஏறி நின்று, துண்டைச் சரிசெய்து, தண்ணீரைப் பார்த்து, "பேரவைத் தலைவர் அவர்களே" என்றார். நாலு கொக்குகள் எழுந்து போயின. ஒன்று மட்டும் உட்கார்ந்து கேட்டது. அதற்கு முழுப் பேச்சையும் பேசிக் காட்டினார். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்:

"உன் வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

புதரிலிருந்து வெளியே வந்தேன். "நாப்பது சார்."

"வீட்ல பேசிப் பார்த்தா எம் பொண்டாட்டி சிரிக்கிறா. அதான் இங்க வர்றேன். வா, டீ சாப்பிடலாம்."

பதில் மிகவும் நன்றாக இருந்தது. அதனால் என் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தியானது.

இனி என் அக்காவுக்கு வருகிறேன்.

அக்கா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். கீழ் வீடு. ஷூ கம்பெனி ஏஜெண்டு காலையில் மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார். உள்ளே ஷூவின் மேல்தோல் துண்டுகள் இருக்கும். அவற்றை ரெண்டு ஊசி போட்டுக் கையால் தைக்க வேண்டும். அக்கா முன் அறையில் சுவரோரம் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் தோலை இடுக்கிக்கொண்டு தைப்பாள். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் பாதி வீடுகளில் இந்தக் காட்சிதான். அவள் பையன் பாலிடெக்னிக் படிப்பதும், வீட்டு வாடகையும் அந்த ரெண்டு ஊசியில்தான் ஓடின.

சொத்து வரியைத் திருத்தி அமைப்பது பற்றிச் சட்டசபையில் விவாதம் வந்தது. வீட்டுக்குள் எந்தத் தொழில் நடந்தாலும் அந்த இடத்தை வணிக உபயோகமாகக் கணக்கெடுக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடியது. எம்எல்ஏ கொதித்தார். கைத்தையல் செய்யும் வீடு வீடுதான், கம்பெனி இல்லை என்று பேசப் போவதாகச் சொன்னார். குறிப்பு கேட்டார். நான் என் வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பெரிய வார்த்தை எதுவும் போடாமல், ஒரே ஒரு கதவு எண்ணோடு எழுதினேன். பதினேழு பை மூணு. அக்கா வீடு.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா வந்துருக்கு. அவங்களக் கேட்டியா?"

"கேட்டேன் சார்."

கேட்கவில்லை. சட்டசபையில் பெயர் வந்தால் அக்கா சந்தோஷப்படுவாள், திடீரென்று சொல்லி அசத்தலாம் என்று நினைத்தேன். பிறந்தநாள் கேக் மாதிரி.

எம்எல்ஏ பேசினார். கதவு எண் பதினேழு பை மூன்றில் ஒரு பெண் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை எத்தனை ஜோடி தைக்கிறாள், அந்த அறை எத்தனை அடி, ராத்திரியில் அதே அறையில் யார் படுக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னார். அமைச்சர் எழுந்து, "உறுப்பினர் விவரமாகச் சொல்லியிருக்கிறார். அந்த இடம் ஆய்வு செய்யப்படும்" என்றார். நான் கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அக்காவுக்கு ரெண்டு கொடுத்தேன். அக்கா வீடியோவைப் பார்த்துவிட்டு லட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னாடா இது? எங்க வீட்டு நம்பர எதுக்குச் சொல்றாரு?"

"உன் கஷ்டத்தச் சொல்றாரு."

"எம் பேரச் சொல்லட்டும். நம்பர எதுக்குச் சொல்லணும்?"

பத்தாவது நாள் நகராட்சியிலிருந்து ரெண்டு பேர் டேப்போடு வந்தார்கள். முன் அறையை நீளவாக்கில், அகலவாக்கில் அளந்தார்கள். கையில் இருந்த காகிதத்தில் எம்எல்ஏவின் பேச்சு அச்சாகியிருந்தது. அதில் அவர் சொன்ன அடியும் டேப் காட்டிய அடியும் சரியாக இருந்ததில் அவர்களுக்குத் திருப்தி. வணிக உபயோகம் என்று மாடியில் இருக்கும் ஓனருக்கு நோட்டீஸ் வந்தது. ஓனர் கீழே இறங்கி வந்தார்.

"ஒங்களாலதான் இது. வர்ற மாசம் காலி பண்ணிடுங்க."

"எங்க போறது? தையல் வேலைன்னு சொன்னா எவன் வீடு குடுப்பான் இனிமே?" என்றாள் அக்கா. ஓனர் மேலே போய்விட்டார்.

தெரு முழுக்க எம்எல்ஏவைத் திட்டியது. "நம்பரு கேட்டப்பவே நெனச்சேன்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஆளக் காட்டிக் குடுக்கறதுக்குத்தான் அந்த நோட்டு." நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாள் நான் பட்ட சந்தேகத்துக்கு ஊரே சாட்சி சொல்லிற்று. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் குற்றவாளி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். "ஆமாக்கா, நானும் நெனச்சேன்," என்றேன். அன்றிலிருந்து கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதில்லை. கன்னத்தில் ரெண்டு வெட்டு இருக்கிறது.

நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் எம்எல்ஏவே வந்தார். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முன் அறையில் மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அக்கா ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"எங்களக் கேக்காம எதுக்குங்க சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். மூணு றெக்கைகள். ஒன்றில் ஒட்டடை.

"தப்புதாம்மா," என்றார். "கேட்டுருக்கணும்."

அவ்வளவுதான். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் மூளை, இந்த ஆள் எதற்காக இதைத் தன் கையில் வைத்துக்கொள்கிறார், பின்னால் என்ன கேட்பார் என்றுதான் ஓடியது. கேவலம்தான்.

அவர் நகராட்சிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி மிகவும் மரியாதையானவர். "சார், எங்க ஆளுங்க கண்ணால பார்த்தத நாங்க விட்டுருவோம். தினம் எத்தனையோ பார்க்கறோம். ஆனா இது சபையில பதிவானது. நீங்களே சொன்னது. அத எப்படி விட முடியும்?"

"நான் சொன்னது தப்புன்னா?"

"தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா ஃபைல மூடிடலாம்."

கடைக்கு வந்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார், நான் அடித்தேன். 'மேற்படி கதவு எண்ணில் தொழில் நடைபெறுவதாக நான் பேரவையில் தெரிவித்தது சரிபார்க்கப்படாத, தவறான தகவல் ஆகும்.' பேரவைத் தலைவருக்கு ஒரு பிரதி, நகராட்சிக்கு ஒரு பிரதி.

"சார், நான்தான் தப்பா எழுதினேன்னு போடட்டுமா?"

"உனக்கும் சபைக்கும் இன்னாய்யா சம்பந்தம்? பிரிண்ட் எடு."

வழக்கமாக ஒரு பக்கத்தை ஏழு முறை அடித்துத் திருத்துகிறவர், இந்தக் கடிதத்தில் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. மனிதர் பொய்யை ஒரே மூச்சில் சொன்னார். இதற்கு முன்னால் சொன்ன கதவுகள் எல்லாம் நிஜம்தானா?

நோட்டீஸ் நின்றது. அக்கா காலி செய்ய வேண்டியதில்லை என்று ஓனர் மேலிருந்தபடியே சொல்லிவிட்டார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். ஆனால் சபையில் அமைச்சர், "உறுப்பினர் காட்டிய ஒரே உதாரணமும் தவறு என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லி, கைத்தையல் வீடுகளுக்கு விலக்கு தேவையில்லை என்று முடித்துவிட்டார். அடுத்த மாதமே பக்கத்துத் தெருக்களில் டேப் நீண்டது. பெரிய இடத்தில் எம்எல்ஏ பேரம் பேசி முடித்துவிட்டார் என்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். காரணம் கேட்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் அந்தத் தெருக்களின் பெண்கள் ஏழெட்டுப் பேர் அக்கா வீட்டுக்கு ஒரு மனுவோடு வந்தார்கள். எம்எல்ஏவிடம் கொடுக்க. ஒவ்வொருத்தியும் பெயரையும் கதவு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ஒன் வீடு தப்பிச்சிடுச்சு. நீ கையெழுத்துப் போடணும்னு இல்ல," என்றாள் மனுவைக் கொண்டுவந்தவள். "இருந்தாலும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

"போட்டா மறுபடி நோட்டீஸ் வரும்க்கா," என்றேன் நான். "வீடு போய்டும். அவரும் மாட்டிக்குவாரு. பொய்னு எழுதிக் குடுத்துருக்காரு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மொத தபா அவரு ஒன்னக் கேட்டாரா, அக்காகிட்ட கேட்டியான்னு?"

ஃபேனைப் பார்த்தேன். கரண்ட் இல்லை. றெக்கைகள் அசையவே இல்லை.

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"கேட்டேன்னு சொன்னேன்."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் மனுவை வாங்கினாள். "இவங்க என்னக் கேட்டுட்டு நம்பரப் போடச் சொல்றாங்க பாரு," என்று சொல்லி, பெயரை எழுதி, பக்கத்தில் பதினேழு பை மூணு என்று பெரிதாகப் போட்டாள். மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஓனருடைய மருமகள். அவளும் மேலே மாமனாருக்குத் தெரிந்தே தைக்கிறவள்தான். பேனாவை வாங்கி அக்காவுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்ப மாமா யாரைக் காலி பண்ணச் சொல்றாருன்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனாள்.

மனுவை எம்எல்ஏவிடம் நான்தான் கொண்டுபோனேன். வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தவர் அக்காவின் கையெழுத்தில் நின்றார்.

"இத சபையில படிச்சா நான் பொய்யன் ஆய்டுவேன்."

"ஆமா சார்."

"படிக்கலன்னா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது நான் அவரிடம் சொன்ன முதல் நிஜம். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிக்க மாட்டார் என்று டீக்கடைக்காரனிடம் பந்தயம் கட்டினேன்.

அந்தக் கூட்டத்தொடரில் அவர் பேச எழுந்ததை அக்கா வீட்டில் என் போனில் பார்த்தோம். பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. மனுவில் இருந்த எண்களை மேலிருந்து கீழாக வாசித்தார். பதினேழு பை மூன்றையும் வாசித்தார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"இந்த எண் தவறு என்று உறுப்பினரே எழுதிக் கொடுத்தாரே! அப்போது பொய் சொன்னாரா, இப்போது சொல்கிறாரா?"

"அப்போது," என்றார் எம்எல்ஏ.

சபை சிரித்த சிரிப்பில் என் போன் ஸ்பீக்கர் கரகரத்தது. மேசைகளைத் தட்டினார்கள். ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, அடுத்த எண்ணை வாசித்தார்.

அத்தோடு அவருடைய அரசியல் முடிந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட் கொடுக்கவில்லை. பொய்யர் என்று சபையிலேயே ஒப்புக்கொண்டவரை எப்படி நிறுத்துவது என்று கேட்டார்களாம். கைத்தையல் வீடுகளைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு முடிவு சொல்லும் வரை அளக்க வேண்டாம் என்று உத்தரவு. குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அக்கா அதே வீட்டில் இருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம்தான். பெண்களில் ஒருத்தி, "பாவம், மானமே போச்சு," என்றாள். நான் போன் சத்தத்தைக் குறைத்தேன்.

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பி, சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொய் சொன்னேன்னு ஒருத்தரு ஒத்துக்கினதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்களே," என்றாள். "அப்ப மத்த நாள்லாம் அங்க இன்னாடா நடக்குது?"